கடைசி வீட்டுக் குழாயிலிருந்து கணக்குப் போடுங்கள்

நகராட்சிக் குடிநீர்ப் பிரிவுக்கு மாற்றலாகி வரும் இளம் பொறியாளர்கள் வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "சார், ஒரு நாளைக்கு எத்தனை லட்சம் லிட்டர் ஏத்துறோம்?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆற்றங்கரையில் எவ்வளவு ஏற்றினோம் என்பது ஒரு கணக்கு. மேட்டுத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்பது இன்னொரு கணக்கு. நான் இந்த வேலையில் இருந்தவரை இரண்டாவதைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். முதல் கணக்கு தணிக்கைக்கு உதவும். சாலை மறியலைத் தடுப்பது இரண்டாவது.

எங்களுடையது கொள்ளிடக் கரையோரத்துச் சிறு நகரம். பெயர் வேண்டாம், அந்தக் கரையில் எந்த ஊரை எடுத்தாலும் அமைப்பு கிட்டத்தட்ட இதுதான். ஆற்று மணலில் இறக்கிய கிணறுகள், கரையில் நீரேற்று நிலையம், ஊருக்குள் ஒரு தரைமட்டத் தொட்டி, அங்கிருந்து மேல்நிலைத் தொட்டிகள். கடைத்தெருவில் வார்ப்பிரும்புக் குழாய், பழைய தெருக்களில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய், புது நகர்களில் பி.வி.சி. எந்தக் குழாய் எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது.

மத்திய அரசின் 1999-ஆம் ஆண்டுக் குடிநீர்க் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள ஊருக்கு நாளொன்றுக்குத் தலைக்கு 135 லிட்டர், இல்லாத ஊருக்கு 70 லிட்டர் என்று இருந்தது. அறுபதாயிரம் பேர் வாழும் ஊர் என்றால் 81 லட்சம் லிட்டர் அல்லது 42 லட்சம் லிட்டர். ஏட்டில் பார்த்தால் பல சிறு நகரங்கள் சாக்கடை இல்லாத கணக்கைத் தாண்டியே ஏற்றிக்கொண்டிருக்கின்றன. பிறகு ஏன் சித்திரை பிறந்ததும் காலிக் குடங்கள் நெடுஞ்சாலைக்கு வருகின்றன? பங்கீட்டில் பிசகு. தண்ணீர் ஊருக்குள் வந்துவிடுகிறது, போக வேண்டிய வீட்டுக்குப் போவதில்லை. இது தெரியாமல் கோடைக்குக் கோடை புது ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே இருந்தால் ஒப்பந்ததாரர் மட்டும் நன்றாக இருப்பார்.

ஊரின் குழாய் வரைபடம் ஒன்று அலுவலக பீரோவில் இருக்கும். அதில் உள்ள குழாய் தெருவில் இருக்காது, தெருவில் உள்ள குழாய் அதில் இருக்காது. நிஜ வரைபடம் மூத்த வால்வுமேனின் தலைக்குள் இருக்கிறது. அவர் ஓய்வு பெறும் அன்று மாலையும் சால்வையுமாக அதுவும் வீட்டுக்குப் போய்விடும். எங்கள் மூத்தவருக்கு என் சித்தப்பா வயது. நான் "அண்ணே" என்பேன், அவர் "சார்" என்பதை விடவே இல்லை. சந்தேகப்பட்ட இடத்தில் இரும்பு வால்வு சாவியைத் தண்டின் தலையில் மாட்டி, கைப்பிடியில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொள்வார். "மூடித்தான் இருக்கு சார். ஆனா அடியில ஓடுது." அந்த இரைச்சலை எனக்கும் கேட்கப் பழக்கினார். பகலில் பஸ் சத்தத்தில் கேட்காது. விடியற்காலை மூன்று மணிக்குக் கேட்கும்.

அவரை வைத்து ஒரு நோட்டுப் புத்தகம் போட்டோம். ஒவ்வொரு வால்வுக்கும் ஒரு பக்கம். எந்த இரண்டு சுவர் மூலைகளிலிருந்து எத்தனை அடி, என்ன அளவு, வலப்பக்கம் திருகினால் மூடுமா திறக்குமா (எங்கள் ஊரில் இரண்டு ஜாதியும் உண்டு), முழுக்கத் திறக்க எத்தனை சுற்று, தண்ணீர் விடும்போது எத்தனை சுற்றில் நிறுத்துவது. "எத்தனை சுற்றுன்னு எண்ணினதே இல்ல சார், கை சொல்லும்" என்றார் முதலில். அவர் கை சொல்லும், அடுத்து வருபவரின் கை சொல்லாதே. ஆறு அங்குல வால்வு ஏறத்தாழ இருபது சுற்று வரும். அது பன்னிரண்டிலேயே முட்டி நின்றால் தண்டு வளைந்திருக்கிறது, அல்லது அடியில் கல் மாட்டியிருக்கிறது. சுற்றிக்கொண்டே போனால் தண்டு முறிந்துவிட்டது. இந்தத் தகவல் வேறெந்தப் பதிவேட்டிலும் கிடைக்காது.

சுவர் மூலையிலிருந்து அளந்து எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தார்ச்சாலை போட வருகிறவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக வால்வுப் பெட்டியின் மேலேயே ரோலரை ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள். மறுவாரம் குழாய் உடையும். எதை மூடுவது என்று தெரியாமல் பிட்டர்கள் கடப்பாரையோடு சாலையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, மக்கள் கைபேசியில் படம் எடுப்பார்கள். எதிர்ச்சுவரில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு அம்புக்குறியும் அடிக்கணக்கும் போட்டு வைத்தால் அந்த அவமானம் மிச்சம். சாலைப் பணிக்கு உத்தரவு போகும்போதே வால்வுப் பெட்டிகளை உயர்த்தும் செலவையும் மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். பின்னால் கேட்டால் யாரும் தரமாட்டார்கள்.

இனி திறப்பு. தொட்டிக்கு அருகிலுள்ள தெருக்கள் எப்போதும் கொழுத்திருக்கும், கடைமடை காய்ந்திருக்கும். வயலுக்கு உள்ள அதே விதிதான். அருகிலுள்ள பகுதியின் வால்வைப் "பாதி மூடியாச்சு" என்று சொல்வார்கள். தகடு இறங்கி அடைக்கும் கேட் வால்வைப் பாதி மூடினால் வரத்து பாதியாகக் குறையாது. முக்கால்வாசி மூடும்வரை பெரிய வித்தியாசம் தெரியாது, கடைசிச் சில சுற்றுகளில்தான் சட்டென்று இறங்கும். ஆகவே சுற்றை எண்ணி, கடைசி வீட்டில் ஒரு ஆளைக் குடத்தோடு நிறுத்தி, போனில் பேசிக்கொண்டே சரிசெய்ய வேண்டும். இன்னொன்று: எந்த வால்வையும் மெதுவாகத் திருகுங்கள். அவசரப்பட்டு மூடினால் ஓடிவந்த தண்ணீர் குழாய்க்குள் திருப்பி அடிக்கும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் குழாய் அந்த அடியைத் தாங்காது. தண்ணீர் விட்டு முடித்த அரைமணி நேரத்தில் உடைப்பு என்று தகவல் வந்தால், குழாயைக் குறை சொல்லும் முன் யார் மூடினார்கள் என்று விசாரியுங்கள்.

கசிவைத் தேடிப் புறப்படும் பலர் நேரே தெருவுக்குப் போகிறார்கள். முதலில் தொட்டியைச் சோதியுங்கள். ராத்திரி விநியோகம் முடிந்ததும் தொட்டிக்கு வரும் வால்வையும் போகும் வால்வையும் மூடி, மட்டத்தைக் குறித்துக்கொண்டு காலையில் பாருங்கள். ஐந்து லட்சம் லிட்டர் தொட்டியில் தண்ணீர் நிற்கும் ஆழம் நான்கு மீட்டர் என்றால் ஒரு சென்டிமீட்டர் இறக்கம் 1,250 லிட்டர். ஒரு சாண் இறங்கியிருந்தால் இருபத்தைந்தாயிரம் லிட்டர் போல எங்கேயோ போயிருக்கிறது. தொட்டிச் சுவரில் ஈரம் இல்லையென்றால் வெளியே போகும் வால்வு 'பாஸ்' ஆகிறது, மூடியும் மூடாமல் ராத்திரி முழுக்க ஏதோ ஒரு பகுதிக்கு ஓடுகிறது. அந்தப் பகுதிக்காரர்கள் புகார் சொல்லவே மாட்டார்கள் என்பதால் வருடக்கணக்கில் வெளியே வராது. நிரம்பி வழிவதும் அப்படித்தான். வழியும் குழாயைச் சாக்கடைக்குள் இறக்கிவிட்டிருந்தால் ஒருவர் கண்ணிலும் படாது. அதைத் தரைக்கு ஓரடி மேலே, தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி வெட்டிவிடுங்கள். மோட்டார் ஆபரேட்டர் தூங்கிவிட்டால் டீக்கடைக்காரரே எழுப்பிவிடுவார்.

ஆற்றிலிருந்து வரும் பிரதானக் குழாயில் ஏர் வால்வு என்று ஒன்று மேடான இடங்களில் இருக்கும். குழாய்க்குள் சேரும் காற்றை வெளியே விடுவதும், மோட்டார் நின்றதும் வெற்றிடம் உண்டாகாமல் காற்றை உள்ளே இழுப்பதும் அதன் வேலை. நம் பக்கத்தில் அது குளியலறை. வால்விலிருந்து பீய்ச்சும் தண்ணீரில் துணி துவைப்பார்கள், லாரி கழுவுவார்கள், பக்கத்துக் குடிசைகளுக்கு அதுதான் ஒரே குழாய். பீய்ச்சல் தாங்காமல் சிலர் சைக்கிள் டியூபால் வரிந்து கட்டியும் விடுவார்கள். கட்டினால் காற்று உள்ளேயே தங்கி, ஏற்றும் தண்ணீர் வழியிலேயே முக்கும். கட்டாவிட்டால் மோட்டார் நின்ற நொடியில் வால்வைச் சுற்றித் தேங்கிய சோப்புத் தண்ணீர் அப்படியே உள்ளே போகும். எங்கள் பிரதானக் குழாயில் வரத்து குறைந்துகொண்டே வந்தபோது மோட்டாரைக் கழற்றலாம், பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை மாற்றலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். மூத்த வால்வுமேன் சைக்கிளை எடுத்துக்கொண்டு குழாய் வழியே போய், ஒரு தென்னந்தோப்பு ஓரத்தில் டியூபை அறுத்துவிட்டு வந்தார். பிறகு அந்தக் குடிசைகளுக்கு முறையாக ஒரு தெருக்குழாய் போட்டுக் கொடுத்தோம். காவல் போடுவதைவிட அது மலிவு. வால்வுத் தொட்டியின் சுவரைத் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தி மூடியும் போட்டோம்.

கலங்கல் புகார் வரும்போதுதான் வயிறு கலங்கும். மற்றப் புகார்களுக்கு நாளைக்கு என்று சொல்லலாம், இதற்குச் சொல்லக்கூடாது. ஒரு தெருவில் சில வீடுகளிலிருந்து நாற்றம் என்று தகவல் வந்தது. போனதும் ஒரு அக்கா சொம்பை நீட்டி, "மோந்து பாருங்க சார், நீங்க குடிப்பீங்களா?" என்றார். நான் கேட்டது ஒன்றுதான்: "தண்ணி விட்டதிலேர்ந்து கடைசி வரைக்கும் நாறுதாம்மா, இல்ல முதல்ல மட்டுமா?" முதல் பத்து நிமிடம்தான், பிறகு தெளிந்துவிடுகிறது என்றார். அந்த ஒரு பதிலில் பாதி வேலை முடிந்துவிடும். முழு நேரமும் நாறினால் ஆபத்து மேலே, பிரதானக் குழாயில் இருக்கிறது. முதலில் மட்டும் நாறினால் தண்ணீர் நின்றிருக்கும் நேரத்தில் பக்கத்திலேயே ஓர் ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கித் தேங்குகிறது.

அடுத்தது குளோரின் சோதனை. கையடக்கப் பெட்டிதான். குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குப்பியில் பிடித்து டிபிடி மாத்திரை போட்டால் குளோரினுக்குத் தக்கபடி இளஞ்சிவப்பு ஏறும். தெரு முனையிலிருந்து வீடு வீடாகப் போனோம். நல்ல ரோஜா நிறம், அடுத்ததும் அதே நிறம், ஒரு பழைய காலிமனை தாண்டியதும் குப்பி நிறமே ஏறாமல் வெறும் தண்ணீராகவே நின்றது. அந்த மனையின் முன்னால் சாக்கடைக்குள் தோண்டினோம். வீட்டை இடித்தவர்கள் குழாய் இணைப்பை எடுக்கவில்லை. துருப்பிடித்த ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) சாக்கடைக்குள் மட்கி, விரலை விடும் அளவுக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. தண்ணீர் ஓடும்போது சாக்கடைக்குள் குடிநீர் போகும், நின்றதும் சாக்கடை திரும்பி வரும்.

ஊரில் வரும் கலங்கல் புகார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். வீட்டு இணைப்புகள் சாக்கடையைக் கடக்கும் அந்த இரண்டு மூன்று அடிதான் குடிநீர் அமைப்பின் உயிர்நிலை. அங்கே ஜி.ஐ. குழாய் வேண்டாம். நடுவில் இணைப்பே இல்லாத பாலிஎத்திலீன் குழாயை ஒரு பெரிய குழாய்க்குள் செருகி, சாக்கடையின் மேல்மட்டத்தில் கொண்டுபோக வேண்டும். வீடு இடிக்க அனுமதி கொடுக்கும் பிரிவு ஒரு சீட்டை நமக்கும் அனுப்பினால், இணைப்பைப் பிரதானக் குழாயிலேயே அடைத்துவிடலாம். அறைக்கு அறை நகரவேண்டிய அந்தச் சீட்டுக்காக நான் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும்.

குளோரின் பேச்சு வந்ததால் பிளீச்சிங் பவுடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் எஞ்சி நிற்கும் குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும், அதுவும் கடைசி வீட்டில். ஐந்து லட்சம் லிட்டருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் போட ஒரு கிலோ குளோரின் தேவை. பவுடரில் 25 சதவீதம் இருந்தால் நான்கு கிலோ. ஆனால் வாய் திறந்த மூட்டை, ஈரமான அறை, மழைக்காலம் என்றால் அந்த 25 எங்கே போனது என்றே தெரியாது. மூக்கில் ஏறாத பவுடர் வெறும் சுண்ணாம்பு. எடையை நம்பாமல் கடைசி வீட்டுக் குப்பியின் நிறத்தை நம்புங்கள். பவுடரை அப்படியே கொட்டவும் கூடாது. வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிவை மட்டும் விட வேண்டும். விட்டதும் அரைமணியாவது தொட்டியில் நிற்கட்டும்.

குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது எல்லா ஊரிலும் உள்ள நோய். ஒருவர் வைத்தால் பக்கத்து வீட்டுக்கு வராது, அவரும் வைப்பார், பிறகு தெருவே வைக்கும். உறிஞ்சுவது பக்கத்து வீட்டுத் தண்ணீரை மட்டுமல்ல, மேலே சொன்ன அந்தச் சாக்கடை ஓட்டைகளையும் சேர்த்துத்தான். பறிமுதல் செய்து மூட்டை மூட்டையாக அலுவலகத்தில் அடுக்கியிருக்கிறோம். மறுநாளே புது மோட்டார் வாங்கிவிடுவார்கள், அரைக் குதிரைத்திறன் மோட்டார் அப்படி ஒன்றும் விலை இல்லை. பறிமுதல் வேண்டாம் என்று சொல்லவில்லை, அது ஒரு பயத்துக்கு. குணமாக்கியது வேறு. பெரிய பகுதியை உடைத்துச் சிறு பகுதிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் குறைந்த நேரம், அதிக அழுத்தம் கொடுத்தோம். மாடியில்லாத வீட்டுக்கு ஏழு மீட்டர் அழுத்தம், அதாவது தண்ணீர் தானாக ஏழு மீட்டர் உயரம் ஏறும் அழுத்தம், வேண்டும் என்றது அந்த 1999 கையேடு. குழாயைத் திறந்ததும் தண்ணீர் தானாகப் பாய்கிறது என்றால் மோட்டார் போடும் மின்செலவை யாரும் விரும்புவதில்லை. ஒரு தெருவில் மோட்டார் சத்தம் கேட்கிறதா இல்லையா என்பதே எனக்கு அழுத்தமானி.

நேரமும் அப்படித்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை என்றால்கூட மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். எப்போது வரும் என்று தெரியாமல் வேலைக்கும் போகாமல் காத்திருப்பதைத்தான் பொறுக்கமாட்டார்கள். உடைப்பு என்றால் வார்டு வாட்ஸ்அப் குழுவில், "இன்று வராது, நாளை காலை ஆறு மணிக்கு" என்று முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆறு மணிக்கு விட வேண்டும். கவுன்சிலர்களோடு வரும் உரசலில் முக்கால்வாசி இதிலேயே தீரும். லாரித் தண்ணீரைத் தவிர்க்க முடியாத நாட்கள் உண்டு. ஆனால் ஒரு தெருவுக்கு லாரி பழகிவிட்டால் அந்தத் தெருக் குழாயைச் சரிசெய்யும் அவசரம் நம் எல்லோருக்கும் போய்விடும்.

மின்கட்டணத்தை மேலாளர் பார்க்கும் விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். பத்து லட்சம் லிட்டரை அறுபது மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, எந்த இழப்பும் இல்லை என்றால் 164 யூனிட் போதும். மோட்டாரும் பம்பும் சேர்ந்து 65 சதவீதத் திறனோடு ஓடினால் ஏறத்தாழ 250 யூனிட். தேய்ந்துபோய் 45 சதவீதத்துக்கு இறங்கினால் 360-ஐத் தாண்டும். மீட்டரில் எரிந்த யூனிட்டை ஏற்றிய தண்ணீரால் வகுத்து ஒவ்வொரு மாதமும் எழுதி வையுங்கள். அந்த எண் ஏற ஏற, புது பம்புக்கான கோப்பை அதுவே எழுதிக் கொடுக்கும். பாய்வுமானி வேலை செய்யவில்லையா? தரைமட்டத் தொட்டி ஓர் அடி நிறைய எவ்வளவு நேரம் என்று பாருங்கள், நீள அகலம் தெரியும், கணக்கு வந்துவிடும். உயர் அழுத்த மின் இணைப்பு என்றால் பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் விகிதம்) 0.90-க்குக் கீழே போகாமல் கெப்பாசிட்டர்களையும் அடிக்கடி சரிபாருங்கள். அபராதமாகப் போகும் பணம் தெரு விளக்கு வெளிச்சமாகக்கூடத் திரும்பி வராது.

2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் மதகுகள் அடித்துச் செல்லப்பட்டது நினைவிருக்கும். அந்த வெள்ளத்தில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, எங்கள் ஆற்றுக் கிணறுகளுக்குப் போகும் கேபிள் தண்ணீருக்கடியில். ஊருக்குள் குழாய் காற்றை விட்டது. கைகொடுத்தவை ஊருக்குள் இருந்த பழைய ஆழ்துளைக் கிணறுகள்தான். உப்புக் கரிக்கிறது என்று அவற்றைக் கைவிட்டிருந்தால் லாரிகளை நம்பித்தான் நின்றிருப்போம். வாரம் ஒருமுறை ஓடவிட்டு வைத்திருந்ததால் சுவிட்சைப் போட்டதும் ஓடின. மாற்று ஆதாரம் எதுவானாலும் ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் அது ஆதாரம்.

இருபத்துநாலு மணி நேரக் குடிநீர் என்ற பேச்சு இப்போது சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டது. ஒடிசாவின் புரி நகரம் 2021 ஜூலையில் அதை அறிவித்து, குழாயிலிருந்து நேரே குடிக்கலாம் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் நகரக் குடிநீருக்கான மத்திய அரசுத் திட்டம் அம்ருத் 2.0 தொடங்கியது, அதன் பிறகு விரிவான திட்ட அறிக்கைகள் குவிகின்றன. எனக்கு அதில் அவநம்பிக்கை இல்லை. குழாய் எப்போதும் நிரம்பி நின்றால் சாக்கடை உள்ளே வராது, யாரும் நான்கு டிரம் பிடித்து வைத்து மறுநாள் கொட்டமாட்டார்கள். ஆனால் அறிக்கையில் புதுத் தொட்டியும் புது மோட்டாரும் தாராளமாக இருக்கும். தெருக் குழாய்க்கும் வீட்டு இணைப்புக்கும் வரும்போது கை சுருங்கும். கசிகிற குழாயில் நாள் முழுக்க அழுத்தம் கொடுத்தால் நாள் முழுக்கக் கசியும். அறிக்கை உங்கள் மேசைக்கு வந்தால் வீட்டு இணைப்புகளை மாற்றும் தொகை எவ்வளவு என்று முதலில் தேடுங்கள். சாக்கடையைக் கடக்கும் அந்த மூன்றடி அதில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்புங்கள். இருந்தால் ஊரின் ஒரே ஒரு பகுதியில், ஒரு தொட்டிக்குக் கீழே மட்டும், முதலில் செய்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் பகுதி மேட்டுத் தெருவாக இருக்கட்டும்.